வழியா, வாய்க்காலா?

கணக்குப் பகுதிக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் பிள்ளைகளே, பயிற்சி வகுப்பில் உங்களுக்கு நிதிப் பிரமாணங்களை வரி வரியாக வாசித்துக் காட்டியிருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அந்த வகுப்பை எடுத்தவள்தான். பாதிப் பேர் நித்திரை, மீதிப் பேர் போன். ஆகவே அதையே திரும்பவும் சொல்லி உங்களை வதைக்கப் போவதில்லை. ஊருக்குள் போகிற ஒரு ஒழுங்கையின் கதையைச் சொல்கிறேன். நான் கணக்காளராக இருந்து ஓய்வுபெறுவதற்கு முந்திய கடைசி இரண்டு வருடத்தில் என்னைப் பைத்தியக்காரி ஆக்கப் பார்த்த ஒழுங்கை அது.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். மாகாணத்துக்கு வரும் காசு வெறும் காசாக வருவதில்லை. ஒவ்வொரு ரூபாயும் நெற்றியில் ஒரு பெயரை ஒட்டிக்கொண்டுதான் வரும். இது வீதிக்கு, இது வாய்க்காலுக்கு, இது பள்ளிக்கூடக் கூரைக்கு, இது கோழிக்குஞ்சுக்கு என்று. இதைத்தான் செலவுத் தலைப்பு என்கிறோம். கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் திருவிழா உபயகாரர் எவ்வளவுதான் அள்ளிக் கொடுத்தாலும் அந்தக் காசில் ஐந்தாம் திருவிழாவுக்கு மேளம் பிடிக்க முடியாது. பிடித்தால் கோயில் வீதியில் வேறு விதமான மேளம் கேட்கும்.

ஒரு தலைப்பில் இருந்து இன்னொரு தலைப்புக்குக் காசை மாற்றவும் முடியும். கொடுக்கிறவர் ‘இது எனக்கு மிச்சம்’ என்று எழுத வேண்டும், வாங்குகிறவர் ‘இது எனக்கு அவசியம்’ என்று எழுத வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிச்சம் என்று எழுதினவருக்கு அடுத்த வருட ஒதுக்கீட்டில் கத்தரி விழும். அதனால் நான் வேலை செய்த காலம் முழுவதும் எங்கள் மாகாணத்தில் எவருக்கும் எதுவும் மிச்சம் வந்ததே இல்லை. மார்கழி முடிய, செலவழியாத காசு திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். போனாலும் போகட்டும், மிச்சம் என்று மட்டும் ஒருவரும் எழுதமாட்டார்கள்.

இனி ஒழுங்கைக்கு வருவோம். சாவகச்சேரியில் இருந்து உள்ளுக்குப் போனால் வருகிற ஒரு கிராமத்தில் அது இருக்கிறது. வெயில் காலத்தில் அது ஒழுங்கை. சைக்கிள் போகும், ஓட்டோ போகும், மீன்காரர் கூவிக்கொண்டு போவார். மாரியில் அது வாய்க்கால். பக்கத்து வயல்வெளியின் வெள்ளம் முழுவதும் அதால்தான் வடிந்து கடலேரிக்குப் போகும். ஊர்ச்சனத்துக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. எங்களுடைய காணி உறுதிகளிலேயே ‘வழி வாய்க்கால்’ என்று இரண்டையும் சேர்த்துத்தானே எழுதுகிறோம்? வழியும் அதுதான், வாய்க்காலும் அதுதான். குழப்பமெல்லாம் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களுக்குத்தான். எங்கள் பாதீட்டில் வழி ஒரு தலைப்பு, வாய்க்கால் இன்னொரு தலைப்பு.

இரண்டு தலைப்புக்கும் இரண்டு பொறியியலாளர்கள் இருந்தார்கள். ஒரே கட்டடம், ஒரே நடை, எதிரெதிர் அறைகள். பெயரைச் சொன்னால் கோவிப்பார்கள். ஒருவரை வழியர் என்றும் மற்றவரை வாய்க்காலர் என்றும் வைத்துக்கொள்வோம். வழியர் எதற்கும் முதலில் ‘ஏலாது’ என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்தையே கேட்பார். வாய்க்காலர் எதற்கும் ‘ஓம்’ என்பார், ஒன்றும் நடக்காது. இரண்டு பேரில் யாருடன் வேலை செய்வது சுலபம் என்று கேட்டால், நான் வழியரைத்தான் சொல்லுவேன்.

அந்த ஒழுங்கையைத் திருத்தித் தரும்படி அங்கே குடியிருக்கும் செல்வராசா என்பவர் விண்ணப்பம் கொடுத்திருந்தார். வழியர் அதைப் பார்வையிட எப்போது போனார் தெரியுமா? கார்த்திகை மாதம், அடைமழைக்குள். மதகில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, ‘தண்ணீர் ஓடுகிறது, இது வாய்க்கால், எனக்குரியதல்ல’ என்று எழுதினார். விண்ணப்பம் நடையைக் கடந்து வாய்க்காலரிடம் போனது. அவர் ஆறுதலாக ஆடி மாதம் போனார். புழுதி பறக்க ஒரு ஓட்டோ போனதைக் கண்டு, ‘வாகனப் போக்குவரத்து உள்ளது, இது வீதி, எனக்குரியதல்ல’ என்று எழுதினார். இரண்டு பேர் எழுதியதிலும் ஒரு பொய்யும் இல்லை. அரசாங்க வேலையில் பொய்யைப் பிடிப்பது சுலபம் பிள்ளைகளே, பருவம் பார்த்துச் சொல்லும் உண்மையைத்தான் பிடிக்க முடியாது.

அடுத்த மாரி முந்திக்கொண்டு தொடங்கியது. வாய்க்காலரின் வேலைகள் எல்லாம் வெள்ளத்தில் நின்றுபோக, அவருடைய தலைப்பில் காசு தங்கிவிட்டது. வழியருடைய தலைப்போ எப்போதோ வறண்டுவிட்டது. மிச்சம் என்று எழுதி வழியருக்கு மாற்றிவிடுங்களேன் என்று வாய்க்காலரிடம் கேட்டேன். ‘ஓம் மிஸ்’ என்றார். ஒரு கிழமை கழித்து வேறு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அந்த ஒழுங்கை ஒரே இரவில் வாய்க்காலாகிவிட்டது. அதை ஆழமாக வெட்டி, இரண்டு பக்கமும் கல்லுக் கட்டி, வெள்ளம் தடையின்றி ஓடச் செய்வதற்கான மதிப்பீடு அது. தலைப்புச் சரி, காசு சரி, மார்கழி முடியவில்லை என்பதால் காலமும் சரி. நான் கையொப்பம் வைத்தால் வேலை தொடங்கிவிடும்.

எல்லாம் அவ்வளவு சரியாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. வாய்க்காலை ஆழமாக வெட்டினால் அந்த மனிதர்கள் எதால் வெளியே வருவார்கள் என்று கேட்டேன். அது வழிப் பக்கத்துப் பிரச்சினை என்றார் வாய்க்காலர். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் அலுவலக வாகனத்தைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனேன். கணக்காளர் எதற்கு வாய்க்கால் பார்க்கப் போகிறார் என்று அலுவலகம் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும். நீங்களும் போங்கள், அதுவும் மழையில் போங்கள்.

மதகடியில் இறங்கினேன். ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர், செத்தல் ஓலையும் பிளாஸ்ரிக் போத்தலும் மிதந்துகொண்டு போயின. தண்ணீருக்குள்ளால் இரண்டு ஆண்கள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதிரையில் ஒரு பெண், நல்ல சேலை உடுத்து, மடியில் கைப்பை, கையில் குடை. பின்னால் தூக்கியவர்தான் செல்வராசா. கதிரையில் இருந்தது அவருடைய மனைவி மகேஸ்வரி. முன்னால் தூக்கியவன் பக்கத்து வீட்டுப் பெடியன். மகேஸ்வரிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணத்துக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அப்படிப் போகிற நோயாளர்களை ஏற்றும் வான் ஒன்று மதகடியில் நின்றது. வெள்ளத்துக்குள் அது இறங்காது. இறங்கினால் உள்ளே இருக்கும் மற்ற நோயாளர்களும் சேர்ந்து நிற்க வேண்டியதுதான்.

நான் யார் என்று சொன்னேன். கதிரையை இறக்கி வைக்க இடமில்லாததால், தூக்கியபடியே நின்று கதைத்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மகேஸ்வரிக்கு இருக்கவில்லை.

“சுவாமி கூட வருசத்துக்கு ஒருக்காத்தான் வெளிக்கிடுறார் மிஸ். நான் கிழமைக்கு இரண்டு தரம் எழுந்தருளுறன்” என்றார்.

செல்வராசா சிரிக்கவில்லை. தனக்குக் குடலிறக்கம் என்றும், பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதாகவும், முன்னால் நிற்கும் பெடியனுக்குக் கனடா விசா வந்துவிட்டதாகவும் சொன்னார். போன மாரியில் ஒரு தரம் தூக்க ஆளில்லாமல் முறை தவறியதில் மகேஸ்வரிக்கு முகமெல்லாம் வீங்கி, மூச்சு எடுக்க முடியாமல் போய், பிழைத்ததே பெரிய காரியமாம். அடுத்த மாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, வாய்க்காலை வெட்டப் போகிறார்களாமே, அது உண்மையா என்று மட்டும் கேட்டார்.

நான் கையொப்பம் வைத்திருந்தால், எல்லாப் பிரமாணத்துக்கும் அமைய, ஒரு சதம் கூடப் பிசகாமல், இந்தப் பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருப்பேன்.

அடுத்த கிழமை இரண்டு பொறியியலாளர்களையும் ஒரே வாகனத்தில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினேன். அன்றைக்கு மழை கொஞ்சம் ஓய்ந்து, கணுக்காலளவு தண்ணீர்தான். வழியாகவும் வாய்க்காலாகவும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய அளவு. இரண்டு பேருக்கும் தப்ப வழியில்லை. ஆனால் வழியர் சளைக்கவில்லை. இதை வீதி என்று ஒரு தரம் ஒப்புக்கொண்டால் குடாநாட்டில் உள்ள வெள்ளவாய்க்கால் அத்தனையும் நாளைக்கு என் தலையில் விழும் என்றார். வாய்க்காலர், தன்னுடைய தலைப்பில் வீதி போட்டால் தன் சம்பளத்தில் அறவிடுவார்கள் என்றார். குரல்கள் உயர்ந்தன. ஊர்ச்சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. யாரோ பிளேன்ரீ கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் தொடர்ந்து சண்டை பிடித்தார்கள்.

கடைசியில் வழியர், இந்தப் பள்ளக் கிடங்கை வைத்துக்கொண்டு என்னை வீதி போடச் சொன்னால் எப்படி என்று கேட்க, வாய்க்காலருக்குக் கோபம் ஏறிவிட்டது.

“அப்ப ஒரு மூடியைப் போட்டு மூடும்” என்று கத்தினார்.

நக்கலுக்குத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்காலுக்கு மூடி போடுவது எந்தத் தலைப்பு என்று அவரிடம் கேட்டேன். வாய்க்கால் தலைப்புத்தான், பட்டினத்துக்குள் எத்தனை வாய்க்காலுக்குக் கொங்கிறீற்று மூடி போட்டிருக்கிறேன் என்றார். வாய்க்காலின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும்? வெள்ளம் ஓடினால் போதும், ஒடுக்கமாக ஆழப்படுத்தலாம். மூடியின் அகலம்? வாய்க்காலை மூடினால் போதும். மூடி வாய்க்காலைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? அப்படி எங்கேயும் இல்லை என்றார் அவர். வழியர் முதல் தரமாக ‘ஏலாது’ சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

இப்படித்தான் அந்த மதிப்பீடு உருவானது. ஒரு முழ அகல வாய்க்கால், அதற்குக் கிட்டத்தட்ட ஒழுங்கை அகலத்தில் மேடாக ஒரு மூடி, வேலியோரம் கொஞ்சம் விட்டு, படலைகளில் மட்டும் முட்டும்படி. மூடியின் தடிப்பைப் பற்றித்தான் பெரிய யோசனை. வான் ஏறினால் தாங்க வேண்டும், ஆனால் வான் என்று எழுதக் கூடாது. எழுதினால் வீதியாகிவிடும். வாய்க்காலர் ஒரு நாள் முழுக்க அறையைச் சாத்திக்கொண்டு இருந்து, நோயாளர் வானின் நிறையை மாடுகளாக மாற்றினார். ‘மேய்ச்சலுக்குச் செல்லும் பட்டி மாடுகள் மழைக்கு ஒதுங்கி மூடியின் மேல் நெருக்கமாக நிற்கக்கூடும்’ என்று நியாயம் எழுதினார். அந்த ஊரில் இருப்பதெல்லாம் ஆடு. நான் கையொப்பம் வைத்தேன்.

மார்கழி முடிவதற்குள் மழை இடைவெளி பார்த்து வேலை முடிந்தது. திறப்பு விழா வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டும் ஊரார் நாடா கட்டிவிட்டார்கள். பேச வந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன், வீதி என்ற சொல் வாயில் வரக் கூடாது என்று. கிராமத்துப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, இந்த அருமையான மூடியை எங்களுக்குத் தந்த மாகாணத்துக்கு நன்றி என்று சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் அதன் பெயர் மூடியடி. கடிதம் கூட அந்த விலாசத்துக்கு வருகிறதாம்.

சரி, முடிந்தது என்று இருந்தேன். அரசாங்க வேலையில் எதுவும் முடிவதில்லை. அடுத்த வருடம் புரட்டாதியில் கணக்காய்வில் இருந்து ஐயவினா வந்தது. ‘மூடியின் மேல் வாகனங்கள் செல்வதாக அறியப்படுகிறது. விளக்கம் தருக.’ வாகனங்கள் செல்வதில்லை என்று எழுதினால் பொய். செல்கின்றன என்று எழுதினால் வாய்க்கால் காசில் வீதி போட்டதாகும், பொறுப்பு எங்கள் தலையில். மூடியின் தாங்குதிறன் அவ்வப்போது பரிசோதிக்கப்படுகிறது என்று எழுதினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. ‘பரிசோதனையை மேற்கொள்பவர் யார்?’ மீன்காரர் என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை. நேரில் வந்து பார்க்கும்படி பதில் போட்டேன்.

கணக்காய்வாளர் வருவதாகச் சொன்ன நாள் கார்த்திகையில் விழுந்தது. நான் ஓய்வுபெற ஒரு மாதம் கூட இல்லை. காசை அறவிடுவதென்றால் என்னுடைய ஓய்வூதியப் பணிக்கொடையில்தான் கை வைப்பார்கள். அதற்கு முதல் நாள் வாய்க்காலர் எனக்குப் போன் எடுத்து, நாளைக்கு மகேஸ்வரி யாழ்ப்பாணம் போகிற நாள் என்பதை நினைவுபடுத்தினார். கணக்காய்வாளர் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனபிறகு வான் வரட்டும், செல்வராசாவுக்குச் சொல்லிவிட்டேன், மனுசன் சம்மதம் என்றார். நானும் சரி என்றேன்.

கணக்காய்வாளர் பிந்தித்தான் வந்தார். மழை கொட்டியது. மூடிக்குக் கீழால் வெள்ளம் இரைந்துகொண்டு ஓடியது, இரண்டு கரையிலும் வேலியடி வரைக்கும் தண்ணீர். நடந்து வந்தால் நனைந்துவிடும் என்று அவருடைய சாரதி ஜீப்பை மூடியின் மேலாலேயே ஓட்டிக்கொண்டு வந்து, செல்வராசா வீட்டுப் படலைக்குக் கிட்ட நிறுத்தினார். வாய்க்காலர் என் காலை மிதித்தார். பெரியவர்களை மடக்கிப் பேசுவதற்கு ஒரு நேரம் இருக்கிறது, அதை அவசரப்பட்டுச் செலவழிக்கக் கூடாது.

அவர் அளந்தார். தட்டிப் பார்த்தார். பட்டி மாடுகள் எங்கே என்று கேட்டார். மழைக்கு வரவில்லை என்றார் வாய்க்காலர். மழைக்கு ஒதுங்குவதற்காகத்தானே மூடியில் ஏறும் என்று எழுதியிருக்கிறீர்கள் என்றார் அவர். நல்ல கூர்மையான மனிதர். இன்னொரு நாளாக இருந்தால் அவரோடு இருந்து கதைத்துச் சிரித்திருப்பேன். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. மதகடியில் வான் வந்து நின்றுவிட்டது, உள்ளே மற்ற நோயாளர்கள். படலைக்குள் செல்வராசா என்னைப் பார்ப்பதும் வானைப் பார்ப்பதுமாக நின்றார். அவருக்குப் பின்னால் விறாந்தையில் மகேஸ்வரி வெளிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மூச்சுக்குத் தோள் ஏறி இறங்கியது இங்கேயிருந்தே தெரிந்தது. ஒரு குறையும் சொல்லாமல் பேசாமல் இருந்தார். அப்படிப் பேசாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதிரையில் வந்தபோது பகிடி விட்ட மனுசி, இப்போது மூடி இருந்தும் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

நான் மதகடியைப் பார்த்துக் கையைக் காட்டினேன். வாய்க்காலர், “மிஸ், வேண்டாம்” என்றார். வான் மூடியில் ஏறி, ஊர்ந்து வந்து, ஜீப்புக்குப் பின்னால் நின்றது.

கணக்காய்வாளர் குடைக்குள்ளால் திரும்பிப் பார்த்தார்.

“உது என்ன மிஸ்?”

“நோயாளர் வான், சேர்.”

“மூடியிலை ஏன் வான் வருது?”

“உங்கடை ஜீப் ஏன் வந்ததோ, அதுக்காகத்தான் சேர். ரெண்டு பக்கமும் வெள்ளம்.”

அவர் ஜீப்பைப் பார்த்தார். வானைப் பார்த்தார். கையில் இருந்த அளவுநாடாவை மெல்லச் சுருட்டினார். அதற்குள் மகேஸ்வரி படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். கணவர் பிடிக்கப்போன கையை விலக்கிவிட்டு, ஒரு கையால் ஜீப்பில் ஊன்றி, ஓரடி, நின்று மூச்சு, ஓரடி என்று வந்தார். ஜீப்புக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையில் ஒரு ஆள் போகிற அகலம்தான். அந்த இடத்தில் கணக்காய்வாளர் நின்றார். மகேஸ்வரி அவருக்கு முன்னால் வந்து நின்று, மூச்சை எடுத்துக்கொண்டு சொன்னார்.

“சேர், கொஞ்சம் விலத்துங்கோ. என்ரை மூடியிலை நிக்கிறியள்.”

விலத்துவதற்கு அங்கே வேறு இடம் இல்லை. கணக்காய்வாளர் கீழே ஒரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு போட்டிருந்த சப்பாத்தோடு வெள்ளத்துக்குள் இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் நின்று, தன்னுடைய குடையை மகேஸ்வரிக்கு மேலே பிடித்தார்.

மகேஸ்வரியை ஏற்றிக்கொண்டு வான் பின்பக்கமாகவே மதகடி வரைக்கும் போய், அங்கே திரும்பிப் போனது. அது போய் மறையும்வரைக்கும் கணக்காய்வாளர் தண்ணீரிலேயேதான் நின்றார். அவருடைய அறிக்கை நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முதல் வந்தது. அதில் மாடுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

‘பரிசோதனை நாளில் மூடியின் மேல் இரண்டு வாகனங்கள் நின்றன. ஒன்று கணக்காய்வுக்குரியது. அது தேவையில்லாமல் வந்தது. மூடிக்குச் சேதமில்லை.’